31ஆம் நாளுக்குப் பிறகு: துக்கத்தில் இருக்கிறவர் ஓடலாமா?

கேள்வி இதுதான்: "திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், வயது 37. ஏழு மாதத்துக்கு முன் கணவர் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். இரண்டு பிள்ளைகள், மூத்தவனுக்கு ஒன்பது வயது. மாமியும் எங்களோடுதான் இருக்கிறார். விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. பகலில் ஒரு வேலையும் ஓடுதில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் 800 மீற்றர் ஓடியிருக்கிறேன். என்னோடு வேலை செய்கிற ஒருவர், விடிய எழும்பி ஓடிப் பார் என்கிறார். ஆட்டைத் திவசம் முடியாமல் ஓடலாமா? சனம் என்ன சொல்லும்? ஓடினால் இந்தப் பாரம் உண்மையிலேயே குறையுமா? குறையும் என்றால் எப்படித் தொடங்குவது?"

ஓடலாம் தங்கச்சி, தாராளமாக ஓடலாம். ஆனால் பாரம் குறையுமா என்று கேட்டதற்கு மட்டும் அவ்வளவு கெதியாக ஆம் என்று சொல்ல மாட்டேன். அவரை இழந்த துயரை ஓட்டம் குறைக்காது. அதன் வேலை வேறு. தொடக்கமும் முடிவும் தெரியாமல் கிடக்கிற நாளுக்கு அது ஒரு தொடக்கம் தரும். நித்திரையையும் பசியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். பிள்ளைகளுக்கு முன்னால் அடக்கி வைக்கிற அழுகைக்கு ஒரு இடமும் நேரமும் தரும். நான் பல வருடம் பாடசாலையில் உடற்கல்வி படிப்பித்தவள். ஓய்வுக்குப் பிறகு உளவளத்துணைப் பயிற்சி எடுத்து, கணவனையோ பிள்ளையையோ இழந்த பெண்களோடு வேலை செய்து வருகிறேன். இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டை, அதாவது முதலாம் வருடத் திவசம், பற்றிய விசயம். ஒரு வருடத்துக்குக் கோயில் திருவிழாவுக்குப் போவதில்லை, கல்யாண வீட்டில் முன்னுக்கு நிற்பதில்லை, பொங்கலையும் வருடப்பிறப்பையும் கொண்டாடுவதில்லை. இவை எல்லாம் கொண்டாட்டத்தைத் தள்ளி வைக்கிற வழக்கங்கள். உடம்பை அசைக்கக் கூடாது என்று எந்தப் பெரியவரும் சொல்லி நான் கேட்டதில்லை. சில வீடுகளில் ஆட்டை முடியும்வரை கோட்டைக்குள்ளால் மலையேறிக் கோணேசர் கோயிலுக்குப் போவதையும் தவிர்ப்பார்கள். உங்கள் மாமி அப்படி நினைத்தால் அந்தப் பாதையை இந்த வருடம் விட்டுவிடுங்கள். அதற்காக அவரோடு வாதாட வேண்டாம், ஓடுவதற்கு வேறு இடம் இருக்கிறது.

நம்முடைய சடங்குகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவற்றில் சும்மா இருந்து யோசிக்கிற வேலை எங்கே இருக்கிறது? மாரில் அடித்து ஒப்பாரி வைக்கிறோம், தலையில் தண்ணீர் வார்க்கிறோம், எட்டுச் செலவுக்குச் சமைத்துப் படைக்கிறோம், 31ஆம் நாள் அந்தியேட்டிக்குப் பிண்டம் பிடிக்கிறோம், கடலில் இறங்கி முழுகுகிறோம். எல்லாம் கையும் காலும் செய்கிற வேலை. திருகோணமலைச் சனம் அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிறது. அங்கே சொல்லப்படுகிற கதையும் அப்படித்தான். தாய் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட இராவணன் அந்த இடத்திலேயே ஏழு ஊற்றுகளைத் தோற்றுவித்து, முழுகி, கிரியை செய்தான் என்கிறது ஐதீகம். செய்தியைக் கேட்டவுடன் அவன் செய்தது உடம்பால் ஒரு வேலை. நீங்களும் கன்னியாவில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றியிருப்பீர்கள், ஒரு கிணறு இளஞ்சூடு, அடுத்தது இன்னும் கொஞ்சம் சூடு. அந்த நேரம் மனதில் என்ன ஓடியது என்பதை விட, தண்ணீரின் சூடு நினைவில் இருக்கும். துக்கத்தை உடம்பு வழியாகச் செய்வது நமக்குப் புதிய விசயம் இல்லை. ஓட்டத்தை நான் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறேன்.

31 நாளும் வீடு நிறையச் சனம் இருக்கும். எத்தனை மணிக்கு என்ன செய்வது என்று யாரோ ஒரு பெரியம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். தேத்தண்ணி யாரோ ஊற்றுவார்கள், சமையல் யாரோ பார்ப்பார்கள். அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து பாய்களைச் சுருட்டி வைத்த பிறகு எல்லாரும் போய்விடுவார்கள். பிறகு மாசியம் என்று மாதத்தில் ஒரு நாள் இருக்கும். மிச்ச நாள்களுக்குச் சடங்கு எதுவும் சொல்லித் தரவில்லை. என்னிடம் வருகிற பெண்களில் பெரும்பாலானோர் உடைந்து போவது செத்தவீட்டு நாள்களில் இல்லை, இந்த வெறும் நாள்களில். நீங்கள் ஏழாவது மாதத்தில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது ஆச்சரியமே இல்லை. "இவ்வளவு நாள் ஆகியும் இன்னும் இப்படி இருக்கிறேனே" என்று உங்களை நீங்களே குறைசொல்ல வேண்டாம்.

துயரத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, ஒன்று முடிந்து அடுத்தது வரும் என்று எங்காவது வாசித்திருப்பீர்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் என்ற மருத்துவர் எழுதியது அது. மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு கதைத்து அவர் எழுதியது. ஆளை இழந்து நிற்கிறவர்கள் அந்தப் படிகளில் வரிசையாக ஏறி இறங்குவதில்லை. எனக்கு உதவுகிற விளக்கம் 1999இல் மார்கிரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரண்டு உளவியலாளர்கள் நெதர்லாந்தில் இருந்து எழுதியது. துக்கத்தில் இருக்கிறவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருகிறார் என்கிறார்கள் அவர்கள். ஒரு பக்கம் இழப்பு: அவருடைய சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பது, படத்துக்கு முன்னால் இருந்து அழுவது. மற்றப் பக்கம் வாழ்க்கை: கரண்ட் பில் கட்டுவது, பிள்ளையின் கணக்குக் கொப்பியைப் பார்ப்பது, அவர் செய்த வேலைகளைப் புதிதாகப் பழகுவது. எந்தப் பக்கத்திலும் நிரந்தரமாகத் தங்கிவிடாமல் போய்வர முடிவதுதான் ஆரோக்கியம். ஒரே நாளில் பத்துத் தரம் போய்வந்தாலும் அது குழப்பம் இல்லை. விடியற்காலை ஓட்டத்தில் இந்த இரண்டும் நடக்கும். முதல் பத்து நிமிடம் அவரை நினைத்து அழுதுகொண்டு போவீர்கள், திரும்பி வரும்போது பிள்ளைக்கு மத்தியானத்துக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு வருவீர்கள். அப்படி யோசித்ததற்காக அவரை மறந்துவிட்டோம் என்று நினைக்கத் தேவையில்லை.

சரி, நித்திரைக்கு வருவோம். என் அனுபவத்தில் முதலில் பிடிக்க வேண்டியது அதைத்தான். மூன்று மணிக்கு விழிப்பு வருவது துயரத்தில் நிறையப் பேருக்கு நடக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து மணிக்குக் கண் அயர்ந்து, ஏழு மணிக்கு அரக்கப் பரக்க எழும்பி, 7.30 மணிக்குப் பள்ளிக்கூடம் தொடங்க முன் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று ஓடுவீர்கள். இப்படிப் போனால் உடம்பின் உள்ளே இருக்கிற கடிகாரம் குழம்பும். அந்தக் கடிகாரத்தைச் சரிப்படுத்துவது இரண்டு விசயம்: தினமும் ஒரே நேரத்தில் எழும்புவது, எழும்பியவுடன் கண்ணில் படுகிற விடியற்காலை வெளிச்சம். படுக்கிற நேரத்தை நாம் பிடித்து வைக்க முடியாது, நித்திரை வந்தால்தான் வரும். எழும்புகிற நேரத்தைப் பிடித்து வைக்கலாம். திருகோணமலை கிழக்குக் கரை, சூரியன் நேராகக் கடலில் இருந்து எழும்பும். வைகாசியில் 5.45 அளவில், தை மாதத்தில் 6.25 அளவில். வருடம் முழுக்க 5.15க்கு எழும்பினால் விடியலோடு வெளியே நிற்பீர்கள். இரவு எவ்வளவு மோசமாகப் போனாலும் அந்த நேரத்தை மாற்ற வேண்டாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். இரண்டு மூன்று கிழமையில் மாற்றம் தெரியத் தொடங்கும்.

இதில் நான் கண்டிப்பாக இருக்கிற ஒரு இடம் உண்டு. ஓட்டத்தை விட நேரம் முக்கியம். சில நாள் கால் எழும்பாது. அன்றைக்கு ஓட வேண்டாம். ஆனால் 5.15க்கு எழும்புங்கள், முகம் கழுவுங்கள், சப்பாத்தைப் போடுங்கள், படலையைத் திறந்து ஒழுங்கை முனை வரை போய்வாருங்கள். அது காணும். அந்த நேரம் கரையில் அடித்த முளை போன்றது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தோணி அதைச் சுற்றித்தான் ஆடும், அறுத்துக்கொண்டு போகாது. "இன்றைக்கு ஓட முடியவில்லை, எல்லாம் போச்சு" என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டத்தை அளவாக வைத்தால் அப்படித்தான் ஆகும். நேரத்தை அளவாக வைத்தவர்கள் மெதுவாக என்றாலும் நிலைத்து நின்றிருக்கிறார்கள்.

தொடங்க முன் ஒரு முறை வைத்தியரைப் பாருங்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப் போட வேண்டாம். உங்கள் கணவர் மாரடைப்பில் போனவர். ஓடும்போது நெஞ்சு படபடத்தால் உங்களுக்கு உடனே அந்த நினைவுதான் வரும். பிரஷர், சீனி, ஈ.சி.ஜி. பார்த்து எல்லாம் சரி என்று தெரிந்தால் அந்தப் பயம் பாதி குறையும். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதிக்கிற கிளினிக்கும் இருக்கிறது, உங்கள் வயது அதற்குள் வரும். இன்னொரு காரணமும் உண்டு. நெருங்கியவரை இழந்த அதிர்ச்சி இருதயத்தை உண்மையிலேயே தாக்கக் கூடியது. 2012இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், இழப்பு நடந்த முதல் 24 மணித்தியாலத்தில் மாரடைப்பு வரும் ஆபத்து வழமையை விட ஏறத்தாழ 21 மடங்கு கூடியிருந்தது, பிறகு நாளுக்கு நாள் குறைந்தது. கடும் துயரத்தில் இருதயத் தசை தற்காலிகமாகப் பலவீனப்படுகிற ஒரு நிலையை 1990இல் ஜப்பானிய வைத்தியர்கள் விவரித்திருக்கிறார்கள். ஏழு மாதம் கடந்த உங்களுக்கு அந்த ஆரம்ப ஆபத்து தணிந்திருக்கும். ஆனால் இழப்பு நடந்து ஒரு மாதத்துக்குள் இருக்கிற ஒருவர் என்னிடம் வந்தால் நடக்கத்தான் சொல்லுவேன், ஓடச் சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் 800 மீற்றர் ஓடிய கால் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். துயரத்தில் இருக்கிற உடம்பு நித்திரை குறைந்த, சாப்பாடு குறைந்த உடம்பு, களைப்பு ஆறுவதற்கு நாள் எடுக்கும். முதல் இரண்டு கிழமையும் நடை மட்டும், 20 அல்லது 25 நிமிடம். மூன்றாவது கிழமையில் இருந்து ஒரு நிமிடம் மெதுவாக ஓடி இரண்டு நிமிடம் நடங்கள், அதையே எட்டுத் தரம். கிழமைக்கு மூன்று நாள் இப்படி, மற்ற நாள்களில் அதே நேரத்துக்கு நடை. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ஓடுகிற பங்கை அரை நிமிடம் கூட்டலாம். வேகத்துக்கு ஒரே அளவுதான்: பக்கத்தில் ஆள் வந்தால் முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். மூச்சு வாங்கிச் சொல் முறிந்தால் வேகம் கூட. கிழமைக்கு 150 நிமிடம் நடுத்தர அளவு உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் கணக்கை இப்போது பார்க்க வேண்டாம், இந்த முறையில் போனால் அது தானாக வந்து சேரும்.

விலை கூடின சப்பாத்து வேண்டாம். குதிப்பக்கம் மெத்தென்று இருக்கிற, விரல் முன்னால் இடிபடாத ஒன்று காணும். பழைய கன்வஸ் சப்பாத்தோடு தார் வீதியில் ஓட வேண்டாம், முழங்கால் பிடித்துவிடும். வெறும் வயிற்றோடு போகாமல் ஒரு சீனி போட்ட பிளேன்டியும் பாதி வாழைப்பழமும். வந்த பிறகு கட்டாயம் சாப்பிட வேண்டும். துயரத்தில் பசி தெரியாது, ஓடிய உடம்பு பசியைக் காட்டும், அந்த அரை மணித்தியாலத்தைத் தவற விடாதீர்கள். இலைக்கஞ்சி, இடியப்பமும் சொதியும், இரண்டு துண்டு பாணும் முட்டையும், எது வீட்டில் இருக்கிறதோ அது.

எங்கே ஓடுவது? உப்புவெளியில் இருந்து நிலாவெளி வீதியில் ஓடுவதை நான் விரும்பவில்லை. விடியற்காலையில் பஸ்ஸும் மீன் லொறியும் வருகிற வேகத்துக்கு அந்த வீதியோரம் பாதுகாப்பு இல்லை. கடற்கரை நல்லது, ஆனால் காய்ந்த மணலில் கால் புதையும், கணுக்கால் நோகும். அலை வந்து போன ஈர மணலில் ஓடுங்கள். கரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். போன வழியாலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். கரைவலை இழுக்கிற நாளில் கயிறு மணலுக்கு மேலாகப் போகும், அரை இருட்டில் அது தெரியாது, அந்த இடத்தில் நடந்து கடந்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் வாடைக் கடல் பொங்கி நிற்கும்போது ஈர மணலே இருக்காது, அப்போது கடற்கரையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஒரு விசயம் கேட்க வேண்டும். 2004 மார்கழி 26இல் உங்கள் வீட்டில் யாரையாவது கடல் கொண்டு போனதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் ஊரில் அது கேட்காமல் விடக்கூடிய கேள்வி இல்லை. இந்த இழப்பு அந்தப் பழைய இழப்பையும் கிளறும். அலைச் சத்தம் கேட்டு உடம்பு விறைக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படி என்றால் கடற்கரை வேண்டாம், டவுனுக்கு வந்து மக்கெய்சர் மைதானத்தைச் சுற்றுங்கள். பத்திரகாளி அம்பாள் கோயில் பக்கம்தான், விடியற்காலையில் நடக்கிற ஆட்களும் இருப்பார்கள். டச்சுக் குடாக் கரையோரம் போகிற வீதியும் காலையில் அமைதியானது. கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையில் மர நிழல் உண்டு, ஆட்டை முடிந்த பிறகு ஏற்றம் பழக அதை விட நல்ல இடம் டவுனில் இல்லை. அங்கே புள்ளிமான்கள் வீதிக்குக் குறுக்கே நிற்கும், கிட்டப் போகாமல் நடந்து விலகுங்கள். கோயில் வாசல் அண்டியதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், அது சொல்லத் தேவையில்லை. நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நில்லுங்கள், கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடந்து போங்கள்.

சனம் என்ன சொல்லும் என்று கேட்டிருந்தீர்கள். சொல்லும், மறைக்க மாட்டேன். "புருசன் செத்து ஒரு வருசம் ஆகல்ல, இவள் ஓடித் திரியிறாள்" என்று ஒரு வாயாவது சொல்லும். மனைவி இறந்து ஒரு மாதத்தில் ஒரு ஆண் கடற்கரையில் நடந்தால், பாவம் மனம் ஆறட்டும் என்கிற அதே வாய்தான் இது. எனக்கு இதில் ஆழ்ந்த கோபம் உண்டு. விதவையான பெண் வீட்டு மூலைக்குள் இருந்தால்தான் துக்கத்துக்கு மரியாதை என்று நினைக்கிற எண்ணம் எத்தனையோ பெண்களின் உடம்பைக் கெடுத்திருக்கிறது. பிரஷரும் சீனி வருத்தமும் முழங்கால் நோவுமாக என்னிடம் வருகிறவர்களில் பலர் பத்துப் பதினைந்து வருடம் அப்படி மூலைக்குள் இருந்தவர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு தாய்தான் இருக்கிறார், அவர் நோய் இல்லாமல் இருக்க வேண்டும். இந்த ஒரு வசனத்தை மாமியிடம் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்கு அதை மாமி சொல்லிக்கொள்வார். முதல் ஒரு மாதம் ஒரு பெண் துணையோடு போனால் பேச்சும் குறையும், இருட்டில் பாதுகாப்பும் கூடும். நீளக் காற்சட்டை, தளர்ந்த மேல்சட்டை, மார்பை இறுக்கிப் பிடிக்கிற உள்ளாடை. கடைசியாகச் சொன்னதை வெட்கப்பட்டு விட வேண்டாம், அது இல்லாமல் ஓடினால் நோகும்.

மாமியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். விடிய எழும்பி விளக்கு ஏற்றி, படத்துக்குப் பூ வைத்து, முற்றம் கூட்டுகிற ஆள் என்றால், உங்களுக்கு நான் சொல்கிறதை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். தினமும் ஒரே நேரம், ஒரே வேலை, உடம்பால். நீங்கள் வெளியே போகிற நேரமும் அவர் விளக்கு ஏற்றுகிற நேரமும் ஒன்றாக அமைந்தால் நல்லது. பிள்ளைகள் எழும்பினால் பார்க்க ஆள் விழித்திருக்கும். வந்த பிறகு இருவரும் ஒன்றாக இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடியுங்கள். கதைக்க வேண்டும் என்று இல்லை.

ஓடும்போது அழுகை வரும். மூச்சு வேகமாகும்போது தொண்டை இளகிவிடும், அதனால் வீட்டில் வராத அழுகை வீதியில் வரும். வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். அழுதுகொண்டே ஓடினால் மூச்சு அடைத்து நெஞ்சு இறுகும், பயம் பிடிக்கும். இடுப்பில் கையை வைத்து, வாயால் நீளமாக மூச்சை விட்டு விட்டு நடந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் தணியும். காதில் பாட்டுப் போட வேண்டாம் என்று சொல்லுவேன். வாகனச் சத்தம் கேட்க வேண்டும் என்பது ஒரு காரணம், இந்த அழுகைக்கு வழி விட வேண்டும் என்பது மற்றது. அவரோடு மனதுக்குள் கதைத்துக்கொண்டு போனாலும் பிழை இல்லை. இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் தேறலாம் என்று முன்பு சொன்னார்கள். 1990களில் இருந்து அந்த எண்ணம் மாறிவிட்டது, உறவை வேறு விதமாக வைத்துக்கொண்டே வாழலாம் என்பதுதான் இப்போது இந்தத் துறையில் பலரும் ஏற்கிற கருத்து. நம் திவசமும் படையலும் அதைத்தானே செய்கின்றன.

பிறகு ஒரு நாள், அழுகையை விடவும் கடினமான ஒன்று வரும். ஓடி முடித்து, வேர்வை காய, கடற்காற்று முகத்தில் படும்போது மனம் இலேசாக இருக்கும். சந்தோசம் என்றே சொல்லலாம். அடுத்த நிமிடம் குற்றம் செய்தவள் போல நெஞ்சு குத்தும். என் அண்ணன் போன பிறகு எனக்கும் அப்படி வந்தது, அவர் இல்லாத உலகத்தில் நான் எப்படி நன்றாக இருக்கலாம் என்று. மனம் இலேசாவது உடம்பின் இயல்பான வேலை. ஓடும்போது உடம்பு தானாகச் சுரக்கிற சில பொருள்கள் மூளைக்குப் போய் நோவையும் பதற்றத்தையும் தணிக்கின்றன. உங்கள் அனுமதி கேட்டு அவை சுரப்பதில்லை, உங்கள் பாசத்தின் அளவை அவை காட்டுவதும் இல்லை. 2024இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 218 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நடையும் மெல்லோட்டமும் நல்ல பலன் தருகின்றன என்று கண்டது. துயரம் வேறு, மனச்சோர்வு வேறு. ஆனால் நித்திரையின்மை, பதற்றம், எதிலும் பிடிப்பில்லாமை இரண்டிலும் வருகின்றன, அவற்றுக்கு இந்த மருந்து வேலை செய்வதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சிலர் நினைக்காமல் இருப்பதற்காக ஓடுவார்கள். காலையும் மாலையும், காய்ச்சலோடும், கால் வீங்கிய பிறகும். நின்றால் அழுகை வரும் என்று நிற்க மாட்டார்கள். அது முன்பு சொன்ன இரண்டு பக்கத்தில் ஒன்றைப் பூட்டி வைப்பது. உங்களிடம் அந்தச் சாடை தெரிந்தால், ஒரு நாள் ஓடாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஓட்டத்தைக் குறைத்து ஆளோடு கதைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. போட்டி, மரதன், கிலோமீற்றர்க் கணக்கு எல்லாம் இந்த வருடம் வேண்டாம்.

பின்னேரத்தைப் பற்றியும் யோசியுங்கள். அவர் வேலை முடிந்து வருகிற நேரம் எது? மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்கிற அந்த நேரம்தான் பெரும்பாலான வீடுகளில் விடியற்காலையை விடக் கொடுமையானது. அந்த அரை மணித்தியாலத்தை வெறுமையாக விடாதீர்கள். பூமரத்துக்குத் தண்ணீர் விடுவது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடை வரை நடப்பது, எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு. காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று இரண்டு நேரம் உறுதியாக நின்றால் நடுவில் இருக்கிற பகல் தாங்கக்கூடியதாகும்.

காலநிலையையும் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பகலில் 34, 35 பாகை வரை போகும், காற்று உலர்ந்தது என்பதால் வேர்வை போவது தெரியாது. ஏழு மணிக்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அன்றைக்குத் தண்ணீர் கூடக் குடிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் வீதி நீர் நிறைந்து குழி தெரியாது. அந்த மாதங்களில் குடையோடு ஒழுங்கைக்குள் நடப்பது, அதுவும் முடியாவிட்டால் விறாந்தையில் 20 நிமிடம் நடப்பது. நேரம் மட்டும் மாறக் கூடாது.

சில அடையாளங்கள் தெரிந்தால் ஓட்டத்தை நம்பி இருக்க வேண்டாம். நெஞ்சு நோவு, கைக்கு இறங்குகிற நோவு, தலை சுற்றி விழப் போவது போன்ற உணர்வு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போங்கள். "நானும் போய்விட்டால் நல்லது" என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது நாள் கணக்காகச் சாப்பிடாமல், பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் கிடந்தால், அன்றைக்கே 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது, தமிழிலும் கதைக்கலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் போகலாம். ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் துயரம் கொஞ்சமும் தளராமல் அன்றாட வாழ்வையே முடக்கி வைத்திருந்தால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று மருத்துவ உலகம் இப்போது தனியாக அடையாளம் காண்கிறது, அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அது என்று நான் நினைக்கவில்லை. வேலைக்குப் போகிறீர்கள், கேள்வி கேட்கிறீர்கள், வழி தேடுகிறீர்கள். ஆனாலும் உங்கள் மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருப்பதை ஞாபகத்தில் வைத்திருங்கள், அங்கே போவது எந்த விதத்திலும் கேவலம் இல்லை.

திவச நாள், அவருடைய பிறந்தநாள், கல்யாண நாள் இந்த மூன்றுக்கும் முன் வருகிற கிழமையில் உடம்பு காரணம் தெரியாமல் கனக்கும். கலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். அந்தக் கிழமை முழுவதும் நடை மட்டும்.

இன்னும் ஒன்று. நீங்கள் சப்பாத்துப் போடுவதைப் பார்த்து மூத்தவன் தானும் வருகிறேன் என்று கேட்பான். தகப்பனை இழந்த பிள்ளைக்குத் தாய் இருட்டில் வெளியே போவதே பயம். திரும்பி வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். பள்ளிக்கூட நாள்களில் அவன் நித்திரை கொள்ளட்டும். சனிக்கிழமைகளில் விடிந்த பிறகு கூட்டிக்கொண்டு போங்கள், வேகம் அவனுடையதாக இருக்கட்டும், ஒன்பது வயதுக்கு ஒரு கிலோமீற்றர் காணும். அவனுக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள்.